பிலாத்துவின் பேத்தி

1

போன முறை ஊருக்கு வந்திருந்தபோது விராலிமலைக் கடைவீதியில் பள்ளித் தோழன் ஒருவன் என்னைப் பிடித்துக்கொண்டான். இங்கிலாந்தில் என்ன செய்கிறேன் என்று கேட்டான். பஸ் ஓட்டுகிறேன் என்றேன்.

"எத்தன பஸ்சு ஓடுது?" என்றான் மரியாதையாக.

"ஒண்ணுதான். அதையும் நாந்தான் ஓட்டுறேன்."

கொஞ்ச நேரம் மலைக்கோயில் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு டீக்குக் காசை அவனே கொடுத்துவிட்டான்.

கவன்ட்ரி என்கிற நகரத்தில் இரட்டை மாடிப் பேருந்து ஓட்டுகிறேன். இங்கே கண்டக்டர் கிடையாது. பணம் வாங்குவது, வழி சொல்வது, குழந்தை வண்டிக்கும் சக்கர நாற்காலிக்கும் நடக்கும் இடத் தகராறைத் தீர்த்து வைப்பது எல்லாம் ஓட்டுநர் தலையில்தான். நிறுத்தங்களின் பெயரைச் சொல்ல மட்டும் பதிவு செய்த ஒரு பெண் குரல் உண்டு. அந்தப் பெண்மேல் எனக்கு நெடுநாளாக ஒரு பொறாமை. காரணம் இருக்கிறது. கல்லூரி முடித்த கையோடு திருச்சியில் வானொலி அறிவிப்பாளர் வேலைக்குக் நடந்த குரல் தேர்வில் தேறியவன் நான். தேவைப்பட்டால் கூப்பிடுவோம் என்றார்கள். அவர்களுக்குத் தேவைப்படுவதற்குள் எனக்குக் கல்யாணம் ஆகி, நர்சாக இருந்த என் மனைவி ஜெசிந்தாவுக்கு இங்கே வேலை கிடைத்து, அவள் பின்னால் கைக்குழந்தையோடு விமானம் ஏறிவிட்டேன்.

இந்தப் பிப்ரவரியில் ஒரு மழை நாளில் அந்தப் பெண் குரல் நின்றுபோனது. கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து, எந்த நிறுத்தம் வருகிறதென்று பயணிகளுக்குத் தெரியவில்லை. ஓட்டுநர் இருக்கைக்கு மேலே அவசரத்துக்கென்று ஒரு மைக் உண்டு. எடுத்தேன். ஆங்கிலத்தில்தான் சொன்னேன், ஆனால் இழுப்பும் நிறுத்தமும் நம் வானொலியுடையவை. "அடுத்து வருவது பெரிய மருத்துவமனை. இங்கே இறங்கும் அன்பர்கள் விரைவில் நலம் பெற ஓட்டுநரின் வாழ்த்துகள்." மேல்மாடியில் யாரோ கை தட்டினார்கள். நான் அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. கடைசி நிறுத்தத்துக்கு முன்னால் வானிலை அறிக்கையும் வாசித்தேன்.

மறுநாள் மேலாளர் அம்மா கூப்பிட்டனுப்பினார். இரண்டு மின்னஞ்சல்கள் வந்திருந்தன. ஒன்று பாராட்டு, ஒன்று புகார். இரண்டுக்கும் பதில் எழுத வேண்டுமாம், இரண்டும் அவருக்கு ஒரே வேலைதானாம். "இனிமேல் மெஷின் பேசவில்லை என்றால் நீயும் பேசாமல் இரு" என்றார் சிரித்துக்கொண்டே. எனக்குப் பாராட்டு மட்டும்தான் காதில் விழுந்தது. அதே சந்தோஷத்தில் வீட்டுக்கு வந்தேன்.

2

என் மகள் ஷெரினுக்குப் பதினேழு வயது. இங்கே வந்தபோது கைக்குழந்தை. அவள் தமிழ் எங்கள் இருவரின் பேச்சைக் கேட்டு வளர்ந்தது. நாங்கள் பேசாத விஷயங்களுக்கு அவளிடம் சொல் இல்லை. அங்கேதான் சிக்கல் வரும்.

அன்று சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்ததும், "அப்பா, அம்மா, எனக்கு ஒரு வேலை கிடைச்சிருக்கு. செப்டம்பர்ல இருந்து" என்றாள்.

"லீவுலயா? கடையிலயா?" என்றாள் ஜெசிந்தா.

"இல்ல. இரும்பு தைக்கிற வேலை."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஜெசிந்தா மெதுவாக, "இஸ்திரி போடுற கடையா? இல்ல தையக்கடையா?" என்று கேட்டாள்.

"அய்யோ, இல்லம்மா. ரெண்டு இரும்பைச் சேத்துத் தைக்கிறது. நெருப்பு வச்சு." கையில் ஒரு பேனாவை எடுத்து மேசையின் விளிம்பில் மெல்ல நகர்த்திக் காட்டினாள். மறுகையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். "தாத்தா செஞ்சாங்கள்ல, அது."

ஷெரின் நம் ஊர் பிளஸ் டூவுக்குச் சமமான படிப்பில் முதல் வருடம். கணக்கும் இயற்பியலும் நன்றாக வரும். அவள் இன்ஜினியர் ஆகப்போகிறாள் என்று நான் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லி வைத்திருந்தேன். அவளோ பள்ளியில் ஒருநாள் பட்டறைக்குக் கூட்டிப்போனபோது முகமூடி போட்டு வெல்டிங் செய்து பார்த்திருக்கிறாள். அதன் பிறகு சனிக்கிழமை தோறும் ஒரு தொழிற்பயிற்சிக் கல்லூரிக்குப் போய்ப் பழகியிருக்கிறாள். நாங்கள் நூலகம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். இப்போது பாலங்களுக்கும் பெரிய கதவுகளுக்கும் இரும்புச் சட்டம் செய்யும் ஒரு பட்டறையில் அப்ரண்டிசாக எடுத்துக்கொள்கிறார்கள். பதினெட்டு ஆகாததால் பெற்றோர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும்.

"நான் போட மாட்டேன்" என்றேன்.

"நீங்க பஸ் ஓட்டுறீங்க. அது மட்டும் பரவால்லயா?"

"நான் ஓட்டுறதே நீ இந்த மாதிரி வேலைக்குப் போகக் கூடாதுன்னுதான்."

சொன்னதும் எனக்கே அது நல்ல வசனமாகப் பட்டது. ஷெரினுக்குப் படவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். ஜெசிந்தா, "சனிக்கிழம சனிக்கிழம அவ சட்டையில சின்னச் சின்ன ஓட்டையா இருந்துச்சு. நான் பூச்சி அரிச்சிருச்சுன்னு நெனச்சு பூச்சி உருண்ட வாங்கி வச்சேன்" என்றாள்.

இங்கே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தமிழில் பூசை நடக்கும். முடிந்ததும் சமோசாவும் டீயும். டீ ஆறுவதற்குள், "பொண்ணு என்ன படிக்கிறா, எங்க அப்ளை பண்ணியிருக்கா" என்று ஒருவர் மாற்றி ஒருவர் கேட்பார்கள். டாக்டர், மருந்தாளுநர், கணினி என்று ஒவ்வொருவரிடமும் ஒரு பிள்ளை இருக்கும். அந்த மாதம் எனக்கு ஞாயிற்றுக்கிழமை டியூட்டி இல்லை. இருந்தாலும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

3

இப்போது அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஆவூருக்குப் பக்கத்தில்தான் எங்கள் ஊர். அப்பா பெயர் சவரிமுத்து. துவாக்குடியில் ஒரு சின்ன இரும்புப் பட்டறையில் வெல்டிங் கற்றுக்கொண்டு, நான் தவழ்ந்துகொண்டிருக்கும்போதே மஸ்கட்டுக்குப் போனவர். எண்ணெய் நிரப்பும் ராட்சதத் தொட்டிகளுக்குத் தகடு சேர்க்கிற வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவார்.

எங்கள் ஊரில் ஈஸ்டர் முடிந்து வரும் வாரத்தில் பாஸ்கா நாடகம் போடுவார்கள். இயேசுவின் பாடுகளை இரண்டு நாள் மாலையில் நடிப்பது. மாதா கோயில் பொட்டலில் மேடை, சுற்றுவட்டார ஊர்களிலிருந்து டிராக்டரில் கூட்டம். அப்பாவுக்கு அந்த நாடகம் என்றால் உயிர். அதிலும் இயேசுவுக்குத் தீர்ப்புச் சொல்லும் ரோம ஆளுநர் பிலாத்துவின் வேடம். சிம்மாசனத்தில் உட்கார்ந்து, நீளமாக வசனம் பேசி, கடைசியில் இந்தப் பழியில் தனக்குப் பங்கில்லை என்று எல்லோரும் பார்க்கக் கை கழுவுவது. ஆனால் கம்பெனி லீவு கொடுக்கிற மாதத்தில் பாஸ்கா வராது. பாஸ்கா வருகிற மாதத்தில் லீவு கிடைக்காது. எப்போதாவது இரண்டும் ஒன்றாக அமைந்தால், ஒத்திகைக்கு வராத ஆளுக்கு வேடம் கிடையாது என்று கையில் ஈட்டியைக் கொடுத்து ஓரமாக நிறுத்திவிடுவார்கள்.

அங்கிருந்து கேசட்டில் பேசி அனுப்புவார். நல்லா இருக்கியா, பள்ளிக்கூடம் போறியா, மாடு கன்னு போட்டுருச்சா என்று கேட்டுக்கொண்டே வந்து, திடீரென்று தொண்டையைக் கனைத்து, "எருசலேம் நகரத்துப் பெரியோர்களே, என் கரங்களை உற்று நோக்குங்கள், இவற்றில் கறை ஏதும் உளதோ?" என்று ஆரம்பித்துவிடுவார். பின்னால் ஏதோ இயந்திரம் இரைந்துகொண்டே இருக்கும். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். "எப்புடி வந்திருக்க வேண்டிய மனுசன். அந்த வெல்டிங் ராடு தின்னுருச்சு" என்பாள். அம்மா இன்று இல்லை. ஆனால் அவள் சொன்னது எங்கள் வீட்டில் வேதவாக்கு மாதிரி நின்றுவிட்டது. பெரிய நடிகனாக வந்திருக்க வேண்டிய ஒருவர் எங்களுக்காக நெருப்பில் வெந்தார். அதனால் இனி எங்கள் வீட்டில் யாரும் இரும்பைத் தொடக் கூடாது.

வேலையை விட்டு ஊருக்கே வந்த பிறகும் அப்பாவுக்கு வேடம் கிடைக்கவில்லை. பிலாத்து வேடம் ஊரில் ஒரே வீட்டார் கையில் இருந்தது. அப்பன் நடித்தார், பிறகு மகன். அப்பாவுக்கு அதே ஈட்டிதான்.

4

ஷெரின் விஷயத்தில் அப்பாவைத் துணைக்கு இழுக்கலாம் என்று அவருக்கு வீடியோவில் பேசினேன். போனைக் காதில் வைத்தே பேசிப் பழகியவர். அதனால் வீடியோவில் எனக்கு அவருடைய காது மட்டும் தெரியும். விஷயத்தைச் சொன்னேன். காது சற்று நேரம் அசையாமல் இருந்தது.

"அந்தப் புள்ளைக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கா?" என்றார். "கண்ணுல மணல அள்ளிப் போட்ட மாதிரி ராவெல்லாம் எரியும்டா. கைய வந்து பாரு, பொத்தல் பொத்தலா கெடக்கு. நான் அம்புட்டு வருசம் அங்கிட்டுக் கெடந்தது எதுக்கு? வேணாம்னு சொல்லு."

"நீங்களே சொல்லுங்கப்பா. நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறா."

"நேர்ல கூட்டிக்கிட்டு வா. சொல்றேன்." அப்புறம் குரல் மாறியது. "நானே ஒனக்குப் போன் போடணும்னு இருந்தேன். பிலாத்து வேசம் கட்டுற பய சிங்கப்பூருக்குப் போயிட்டான். இந்த வருசம் நாந்தான். பிலவேந்திரன் வாத்தியார் சொல்லிட்டாரு."

பிலவேந்திரன் வாத்தியார்தான் எங்கள் பாஸ்காவை நடத்துகிறவர். எழுபது வயதைத் தாண்டிய அப்பாவின் குரல் அப்படித் துள்ளி நான் கேட்டதில்லை. ஒருவன் வெளிநாடு போனதால் போன வேடம், இன்னொருவன் வெளிநாடு போனதால் திரும்பி வந்திருக்கிறது. ஒரு பிரயாணத்தில் இரண்டு வேலையும் முடியும் என்று கணக்குப் போட்டேன். அவர் நடிப்பதைப் பார்க்கலாம், இவளை மிரட்டி மனசை மாற்றலாம்.

லீவு வாங்குவது இங்கே தனிக் கலை. ஓட்டுநர்களுக்கு லீவு வாரங்களை முந்தைய வருடமே பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். என் வாரத்தை இன்னொருவரோடு மாற்றிக்கொள்ள வேண்டும். ஈஸ்டரை ஒட்டி வரும் வாரம் யாரிடம் இருக்கிறது என்று விசாரித்தால், ஒரு போலந்துக்காரர். ஈஸ்டரை அவர்களும் விட மாட்டார்கள். "என் அப்பா முதல்முறையாகப் பிலாத்துவாக நடிக்கிறார்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்கள் கிராமத்து நாடகத்தில் என் மாமா யூதாஸ்" என்றார். வாரத்தை விட்டுக் கொடுத்துவிட்டார்.

விசா இன்னொரு கூத்து. இப்போது நாங்கள் மூவருமே பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரர்கள். பிறந்த ஊருக்குப் போக இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பயணத்தின் நோக்கம் என்ன என்று கேட்டு ஒரு பட்டியல் காட்டியது. சுற்றுலா, வணிகம், மருத்துவம் எல்லாம் இருந்தன. அப்பா கை கழுவுவதைப் பார்க்க என்று எதுவும் இல்லை. சுற்றுலா என்று போட்டேன். பார்க்கப்போகும் இடங்கள் என்று கேட்டதற்கு, சுற்றுலாப் பயணி மாதிரித் தெரியட்டுமே என்று சித்தன்னவாசல் என்று எழுதினேன். மாவட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவன், பள்ளியிலிருந்து ஒரே ஒருமுறை போயிருக்கிறேன். அதுவும் மழை வந்து பாதியில் திரும்பிவிட்டோம்.

5

ஜெசிந்தாவுக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் ஷெரினும் மட்டும் திருச்சியில் இறங்கி ஊருக்கு வந்தோம். அப்பா என் தங்கச்சி வீட்டில் இருக்கிறார். வாசலில் நின்றவர் பேத்தியை மேலும் கீழும் பார்த்தார்.

"வா ஆத்தா. நீதான் பத்த வைக்கப் போறவளா?"

"ஆமா தாத்தா."

"ஒன்னையத் திட்டணும். ராத்திரி ஒத்திக இருக்கு. நாளைக்குக் காலையில திட்டுறேன்."

மறுநாள் காலையிலும் திட்டவில்லை. பொட்டலுக்கு அழைத்துக்கொண்டு போனார். மேடையில் பிலாத்து அரண்மனை தயாராகிக்கொண்டிருந்தது. இரண்டு பெரிய இரும்புக் கதவுகள், வளைவு வளைவாகக் கொடி வேலைப்பாடு. அப்பா ஊருக்கு வந்த புதிதில் கோயிலுக்காக அவர் கையால் செய்து கொடுத்தவை. இத்தனை வருடமும் அந்தக் கதவுக்குப் பக்கத்தில்தான் ஈட்டியோடு நின்றிருக்கிறார்.

அவர் சிம்மாசனத்தில் ஏறி உட்கார்ந்து வசனத்தை ஆரம்பித்தார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஷெரினைக் காணவில்லை. திரும்பிப் பார்த்தால் கதவின் பின்பக்கம் குந்தி உட்கார்ந்து, இரும்பு சேரும் இடத்தை விரலால் தடவிக்கொண்டே போகிறாள்.

"தாத்தா, இதை நீங்களா செஞ்சீங்க?"

"ஆமா, அது கெடக்கு. வசனத்தக் கேளு."

"எங்கேயும் மேடு பள்ளமே இல்ல. எங்க சார் கூட இப்படிப் போட மாட்டார்."

"அது கெடக்குங்கிறேன்ல. இப்புடி வந்து ஒக்காரு. கை கழுவுற எடம் வரப்போகுது."

அவள் வந்து உட்கார்ந்தாள். ஆனால் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மேடைக்குக் கீழே நின்றிருந்த பிலவேந்திரன் வாத்தியார் என் பக்கம் சாய்ந்து, "கொஞ்சம் நிறுத்திப் பேசச் சொல்லுங்க தம்பி. நான் சொன்னா சரிங்கிறாரு, அடுத்த வரியில மறுபடி ஓட்டமெடுக்குறாரு" என்றார்.

6

பாஸ்காவின் இரண்டாம் நாள் மாலை நாடகம் தொடங்கியதுமே பிலாத்து அரண்மனைக் காட்சி. பொட்டல் நிறைந்திருந்தது. நானும் ஷெரினும் தங்கச்சியும் முன்வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்தோம். இதற்காகத்தானே அம்மா காலமெல்லாம் அழுதாள் என்று நினைத்துக்கொண்டேன். கதவுகள் திறந்தன. சிவப்பு அங்கியும் தங்கக் காகிதக் கிரீடமுமாக அப்பா வந்தார். ஒரு கணம் உண்மையிலேயே ஆளுநர் மாதிரிதான் இருந்தார்.

பிறகு வாயைத் திறந்தார்.

எப்படிச் சொல்வது? அப்பா நன்றாக நடிக்கவில்லை. இத்தனை வருடம் தேக்கி வைத்ததெல்லாம் மடை உடைந்த மாதிரி வந்தது. மூச்சே விடவில்லை. மைக்கை வாய்க்குள் வைத்துக்கொண்டு பேசியதால் பாதி வசனம் இரைச்சலாகப் போனது. குருக்களின் தலைவரான கயபா தன் வசனத்தைச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அப்பா அதையும் சேர்த்துச் சொல்லி முடித்துவிட்டார். பாவம், கயபா வெறுமனே தலையை ஆட்டினார். கை கழுவும் இடத்தில் அப்பாவுக்குச் செம்பை விட மனசே வரவில்லை. கழுவினார், துடைத்தார், மறுபடி கழுவினார். பின்னால் இருந்து ஒரு குரல், "தண்ணி தீந்து போச்சு மாமா, விடுங்க" என்றது. கூட்டம் சிரித்தது. இயேசுவாக நின்ற பையனே உதட்டைக் கடித்துக்கொண்டான்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஷெரின் என் முழங்கையை இடித்து, "அப்பா, பாருங்க" என்றாள்.

பார்த்தேன். அப்பாவின் முகம் மலர்ந்திருந்தது. சிரிக்கும் கூட்டத்தை அவர் கோபமாகவும் பார்க்கவில்லை, வெட்கமாகவும் பார்க்கவில்லை. ஊர்க்காரர்கள் எல்லோரும் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அது போதும் என்கிற மாதிரி நின்றார்.  பெரிய நடிகன் ஒருவனை வெல்டிங் ராடு தின்றுவிட்டது என்றுதானே நாங்கள் நம்பினோம். அப்படி ஒரு நடிகன் எங்கள் வீட்டில் இருந்ததே இல்லை. நடிக்க ஆசைப்பட்ட ஒரு நல்ல வெல்டர் இருந்திருக்கிறார். அதுவும் அவர் செய்த கதவுக்கு முன்னாலேயே உட்கார்ந்து அதைத் தெரிந்துகொள்கிறேன்.

7

மறுநாள் காலையில் அப்பா வேப்பமரத்தடியில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காது மடலில் நேற்றுப் பூசிய ரோஸ் பவுடர் இன்னும் இருந்தது.

"எப்புடிடா இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுப்பா. மைக்குதான் சரியில்ல."

அவர் என்னை விட்டுவிட்டு ஷெரினைப் பார்த்தார். "நீ சொல்லு ஆத்தா."

"உண்மை சொல்லவா தாத்தா?"

"உண்மையச் சொல்லு."

"கொஞ்சம் மோசம்."

உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் தங்கச்சி கையை நிறுத்திவிட்டாள். அப்பா புருவத்தைச் சுருக்கினார்.

"ரொம்பவா?"

"கயபா பேசுறதையும் நீங்களே பேசிட்டீங்க."

"அவன் மெதுவாப் பேசுறான்" என்றார் அப்பா. பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு இருமலாகி, தங்கச்சி தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும் வரை நிற்கவில்லை. "எனக்குத் தெரியாதா என்ன? வாத்தியார் மொகத்தப் பாத்தேனே. இருக்கட்டும். சம்பளத்துக்குச் செஞ்ச வேலைய ஒருத்தன் கொற சொல்ல முடியாது. இது என் ஆசைக்குச் செய்றது. இதுல எவன் என்ன சொன்னா எனக்கென்ன?"

ஷெரின் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "தாத்தா, வெல்டிங் உங்களுக்குப் பிடிச்சதா?"

நான் குறுக்கே புகுந்து பதில் சொல்லியிருப்பேன். ஆனால் அந்தக் கேள்வியை எங்கள் வீட்டில் யாரும் அவரிடம் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. விடை எங்களுக்கு முன்பே தெரியும் என்று இருந்துவிட்டோம்.

 அப்பா வலது கையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டார்.

"வெயிலு கஷ்டம். பதினாறு பேரு ஒரே ரூம்புல கெடந்தது கஷ்டம். ஒங்க அப்பன் பேசப் பழகுறத கேசட்டுல கேட்டது கஷ்டம்" என்றார். "வேல கஷ்டம் இல்ல. மொகமூடியப் போட்டுக்கிட்டா வெளியில ஒண்ணும் தெரியாது. அந்தப் பொறி மட்டும் முன்னால ஓடும், நம்ம அது பின்னாடியே போகணும். ஒரு தொட்டியில மேலேருந்து கீழ வரைக்கும் ஒரே கோடு போட்டேன். எக்ஸ்ரே படம் எடுத்துப் பாத்துட்டு இன்ஜினியர் கூப்பிட்டுக் கை குடுத்தான். புடிச்சுச்சு. புடிக்காம எப்புடி அம்புட்டு வருசம் செய்ய முடியும்?"

"அப்பா, இத நீங்க சொன்னதே இல்லையே" என்றேன்.

"எப்புடிச் சொல்றது? ஒங்க அம்மா அங்க அழுதுகிட்டு இருக்கா. நான் இங்கிட்டு சந்தோசமா இருக்கேன்னா சொல்ல முடியும்?"

"எனக்கும் அப்படித்தான் தாத்தா" என்றாள் ஷெரின். "முகமூடி போட்டா தலைக்குள்ள சத்தமே இல்ல."

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. "எனக்கு இன்னமும் இஷ்டமில்ல" என்றார். "ஆனா ஒங்க அப்பன் சாக்குக்கு என்னையக் கூப்பிட வேணாம். நீ கண்ணாடி இல்லாம பத்த வச்சதாக் கேள்விப்பட்டேன், ஏரோப்பிளேன் ஏறி வந்து காலை ஒடிச்சுப்புடுவேன்."

அன்று மத்தியானம் ஷெரினைக் கூட்டிக்கொண்டு சித்தன்னவாசல் போனேன். விண்ணப்பத்தில் எழுதியதற்காவது போய்வருவோம் என்று. குகைக்குள்ளே அவள் கழுத்து வலிக்க மேலே கூரை ஓவியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பும்போது காரில், "கையெழுத்துப் போடுறேன்" என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகிறாள் என்று தெரிந்தது. வாடகைக் கார் ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "பாப்பாவுக்கு வாந்தி வருதுங்களா சார், நிப்பாட்டவா?" என்று கேட்டார்.

8

செப்டம்பர் முதல் ஷெரின் வேலைக்குப் போகிறாள். முதல் வாரம் பெருக்குவதும் இரும்பைத் தேய்ப்பதும்தான் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். இரண்டாம் மாதம் கையில் ஒரு சின்னப் பொத்தலோடு வந்து, போன் போட்டுத் தாத்தாவுக்குக் காட்டினாள். அவர் காதுதான் தெரிந்தது என்பதால், அவர் பார்த்தாரா என்று சொல்ல முடியாது.

தமிழ்ப் பூசையில் சொல்லிவிட்டேன். ஒருவர் "ஓ" என்றார். இன்னொருவர் தனியாகக் கூப்பிட்டு, தன் வீட்டுப் பின்பக்க இரும்புக் கதவு ஒரு வருடமாகத் தொங்குகிறது, பாப்பா வந்து பார்ப்பாளா என்று கேட்டார்.

இந்த ஊரில் ஒரு சின்ன சமூக வானொலி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் தமிழுக்கு இடம் கேட்டுப் பார்த்தேன், கொடுத்துவிட்டார்கள். சம்பளம் கிடையாது. ஜெசிந்தாதான் பிடித்துத் தள்ளினாள். "உங்கள யாரு இத்தன நாளா வேணாம்னு சொன்னா?" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். யாரும் சொல்லவில்லை. நான் தியாகம் செய்த கதையை அவளிடமே எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று நினைக்க, கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

திங்கட்கிழமைகளில் எனக்குக் காலை முதல் டிரிப். ஷெரினும் அதில்தான் ஏறுவாள். கனமான பூட்ஸ், அளவு பெரிதான நீல நிற வேலை உடை, முதுகில் பை. பயண அட்டையைத் தட்டிவிட்டு, "மார்னிங் டிரைவர்" என்பாள். அப்பா என்று கூப்பிட மாட்டாள். அவளோடு வேலை பார்க்கிறவர்கள் இரண்டு பேர் அதே வண்டியில் வருகிறார்கள், அவளைவிட இரண்டு மடங்கு உயரம். மூன்று பேரும் மேல்மாடிக்குப் போய்விடுவார்கள். அவள் அவர்களிடம் ஏதோ விளக்கிக்கொண்டிருப்பது படிக்கட்டு வழியாகக் கேட்கும். அவர்கள் சிரிப்பதும் கேட்கும்.

போன திங்கட்கிழமை தொழிற்பேட்டை நிறுத்தத்தில் இறங்கினார்கள். இன்னும் முழுசாக விடியவில்லை. பட்டறையின் பெரிய கதவு திறந்திருந்தது, உள்ளே நீல வெளிச்சம் விட்டு விட்டு மின்னியது. ஷெரின் நடந்துகொண்டே பையிலிருந்து முகமூடியை எடுத்து, தலையில் தொப்பி மாதிரிக் கவிழ்த்துக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. அந்த இருவரும் அவளுக்காக வேகத்தைக் குறைத்துக்கொள்ளவும் இல்லை. மூன்று பேரும் பேசிக்கொண்டே உள்ளே போனார்கள்.

வண்டியின் ரேடியோவில் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். பஸ் கதவு இன்னும் திறந்தே இருக்கிறதே, ஏதாவது பிரச்சினையா என்றார்.

"இல்லை. ஒரு பயணி இறங்கினார். உள்ளே போகட்டும் என்று பார்த்தேன்" என்றேன்.

"வயதானவரா?"

"இல்லை" என்றேன். கதவை மூடிவிட்டு வண்டியை எடுத்தேன்.